ஹீட்டரைப் பற்றி அவள் கேட்டபோது

வாசுகிக்கு மனநோய் எதுவும் இல்லை. உண்டென்று அவள் நம்புகிறாள். அவளுடைய அண்ணன் நம்புகிறார். யாழ்ப்பாணத்தில் அவளுக்கு மருந்து எழுதிக் கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். இல்லை என்று தெரிந்தவன் நான். தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறேன்.

அவளை நோயாளியாக்கியது என் வீட்டுக் குளியலறையில் மாட்டியிருந்த காஸ் ஹீட்டர். வருடத்துக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கவேண்டிய அந்தச் சாதனத்தை நான் மூன்று வருடமாகத் திறக்கவில்லை. திறந்ததாக அவளிடம் பொய் சொன்னேன். அதுவும் ஒரு தடவை அல்ல...

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான். என் முகத்தை அறிந்த ஒருவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றால் இன்றும் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது ஓயும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர், அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். வயது அறுபத்தாறு. கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் நாங்கள் கட்டிய வீட்டில் மனைவி செல்வராணியோடு இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. வீட்டின் பின்பக்கம் ஓர் அனெக்ஸ் உண்டு: ஓர் அறை, ஒரு சிறிய சமையலிடம், அறைக்குள்ளிருந்தே திறக்கிற குளியலறை. வாடகைக்கு விடவென்றே கட்டியது. எங்கள் குளியலறையில் இருப்பது மின்சார ஹீட்டர். அனெக்ஸில் மட்டும் காஸ் ஹீட்டரை மாட்டினேன். மின்கட்டணம் ஏறாது என்று கடைக்காரர் சொன்னார்.

முதல் சில வருடங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ரிஸ்வான் என்கிற மெக்கானிக் வருடந்தோறும் வருவார். முன்மூடியைக் கழற்றி, அடுப்பைப் பிரஷ்ஷால் துடைத்து, புகை வெளியே போகிற குழாயைத் தட்டிப் பார்த்து, கடைசியாக ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிப்பார். புகை குழாய்க்குள் இழுபட்டுப் போனால் திருப்தியோடு தலையாட்டுவார். முக்கால் மணி நேர வேலை. அவர் கேட்கும் கூலி, அனெக்ஸ் ஜன்னல்களுக்கு நான் வாங்கிய திரைத்துணியின் விலையைவிடக் குறைவு.

பிறகு குரங்குகள் வந்தன. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. குளியலறைச் சுவரின் மேல்பகுதியில் காற்றுப் போக விட்டிருந்த துவாரத்தின் கம்பியை வளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, சவர்க்காரத்தைக் கடித்துப் போட்டு, பற்பசையைச் சுவரெல்லாம் பூசிவிட்டுப் போயின. நான் ஒரு ப்ளைவூட் பலகையை அளந்து வெட்டித் துவாரத்தை மூடி ஆணி அடித்தேன்.

அடுத்த முறை வந்த ரிஸ்வான் அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்.

“சேர், இத அடைக்க ஏலாது. இந்த ஹீட்டருக்குக் காத்து வேணும். குளிக்கிற ஆளுக்கும் வேணும்.”

“கொரங்கு வருது ரிஸ்வான்.”

“கம்பி வல அடிங்க. பலக வேணாம்.”

அவரே ஆணியைப் பிடுங்கிப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அவருடைய வான் வண்டி தெரு வளைவைத் தாண்டியதும் நான் சுத்தியலை எடுத்துப் பலகையை மறுபடி அடித்தேன். என் வீட்டுச் சுவரில் எது இருக்கவேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொல்வதா என்று எனக்கு இருந்தது.

மறுவருடம் அவரைக் கூப்பிடவில்லை. காசுக்காக இல்லை. வந்தால் பலகையைப் பார்ப்பார், அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சின்ன விஷயம்! இதிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

அதற்கடுத்து, நாட்டில் தட்டுப்பாடு வந்து காஸுக்கு வரிசையில் நின்ற காலம். அனெக்ஸில் இருந்த தம்பதி வெளிநாடு போய்விட்டார்கள். அறை பூட்டிக் கிடந்தது, ஹீட்டர் அணைந்து கிடந்தது. ஓடாத சாதனத்துக்கு எதற்கு சேர்விஸ் என்று செல்வராணியிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

பிறகு வாசுகி வந்தாள்.

முப்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணம் கோண்டாவிலைச் சேர்ந்தவள். அரசாங்க மருந்தகம் ஒன்றில் மருந்தாளராகக் கண்டிக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது. மெலிந்த உருவம், வேகமான நடை, பேச்சில் ஓர் ஒழுங்கு. மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் தூரத்தில் பார்த்தே அதன் பெயரைச் சொல்லிவிடுவாள். செல்வராணியின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டும், எதைப் பின்னால் என்று முதல் வாரத்திலேயே அடுக்கிக் கொடுத்தாள்.

அறையைப் பார்க்க வந்த அன்று அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை, வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. குளியலறையில் நின்று மேலே பார்த்தாள்.

“அங்கிள், இது காஸ் ஹீட்டரோ?”

“ஆமா மகள். சுடுதண்ணி சுணங்காம வரும்.”

“கடைசியா எப்ப சேர்விஸ் செய்தனீங்கள்?”

“போன மாசந்தான் ஆள் வந்து பாத்துட்டுப் போனாரு.”

யோசிக்காமலே வந்தது. அப்படி ஒரு கேள்வியை எந்த வாடகைக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் தலையசைத்துவிட்டு “நல்லது அங்கிள்” என்றாள்.

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவளுக்குக் கண்டிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு நெடுநேரம் சுடுதண்ணீரில் குளிப்பாள். விடுமுறை நாட்களில் அந்தத் தண்ணீரிலேயே துணியும் துவைப்பாள். பிறகு அந்த மூடிய அறையிலேயே படுத்துக்கொள்வாள்.

இரண்டு மாதம் போகவில்லை, தலைவலி தொடங்கியது. அவள் மொழியில் தலையிடி. முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு அநேகமாகத் தினமும். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். கண்ணாடியை மாற்றினாள். இரத்தம் சோதித்தார்கள், அதில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் பின்வாசலில் நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கிட்ட வந்தாள். தயக்கத்தோடுதான் பேசினாள்.

“அங்கிள், குறை நினைக்காதேங்கோ. குளிச்சிட்டு வந்தாப் பிறகுதான் எனக்குத் தலையிடி கூடுற மாதிரிக் கிடக்கு. ஹீட்டரை ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவமோ? காசை நான் தாறன்.”

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘சரி மகள், நாளைக்கே கூப்பிடுகிறேன்.’ அவ்வளவுதானே. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ரிஸ்வான் வந்து, அவள் பக்கத்தில் நின்று பார்க்க, மூன்று வருடமாகத் திறக்காத சாதனம் இது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால்? பொய்க்காரன் என்று ஒரு வாடகைக்காரப் பெண் என்னை நினைத்துவிட்டால்?

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு மகள். வருஷா வருஷம் ஆள் வந்து பாக்கிறாரு. கார்ட் கூட உள்ள வச்சிருக்கேன். ஊர விட்டு வந்த கவல, அதுதான். இந்தக் குளிருக்கு ஒடம்பு பழகணும்.”

அவள் அனெக்ஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “ஓம் அங்கிள். அப்பிடித்தான் இருக்கும் போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படித்த பெண். காற்றில் கலந்த விஷம் மனிதனை என்ன செய்யும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் சரியான காரணத்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தூர எறிந்தேன்... என் வார்த்தையை நம்பியதால் அதற்குப் பிறகு அவள் வேறெங்கெல்லாமோ தேடினாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதைத்தான் நான் எனக்கே மறைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு அனெக்ஸுக்குள் போனேன். குழாயைத் திறந்து, ஹீட்டரின் சிறிய கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். நெருப்பு நீலமாக எரியவேண்டும் என்று ரிஸ்வான் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அது செம்மஞ்சளாக, நுனி ஆடி ஆடி எரிந்தது. மூடிக்கு மேலே வெள்ளைச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரத்துணி கொண்டுவந்து அந்தக் கறுப்பைத் துடைத்தேன். அவள் கண்ணில் படாமல் இருக்க.

அப்போது எனக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது என்றுதான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் தெரியாதவன் எதற்குத் துடைக்கிறான்?

அதன் பிறகு மாதக்கணக்கில் அவள் வாடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாவியை மறந்தாள். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு மறந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் வராமல் நின்றுவிடுவாள். மருந்தகத்தில் ஒரு முதியவருக்கு இருமடங்கு வலுவான மாத்திரையை எண்ணி உறையில் போட்டுவிட்டாள். அவர் கைக்குப் போவதற்கு முன் உடன் வேலை செய்பவர் கண்டு தடுத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை எங்கள் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அன்ரி, எனக்கு என்னவோ நடக்குது. என்னை நானே நம்பேலாமல் கிடக்கு.”

நான் உள்ளே வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

லீவில் ஊருக்குப் போனால் தேறிவிடுவாள். கன்னத்தில் சதை போட்டு, பழைய வேகத்தோடு திரும்புவாள். வந்து ஒரு வாரத்தில் மறுபடி முகம் வெளுக்கும். செல்வராணி அதைக் கவனித்தாள்.

“என்னங்க, அந்தப் புள்ள வெளிய போனா நல்லா இருக்கு. உள்ள வந்தா வாடிப் போகுது. அந்த வீட்டுலதான் ஏதோ இருக்கு.”

கண்ணூறு என்று நினைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். ஐயரைக் கூப்பிட்டு விபூதி வாங்கி அனெக்ஸின் நான்கு மூலையிலும் தூவினாள். ‘ஒனக்கு வேற வேல இல்ல’ என்று நான் சிரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற என் மனைவி அரைவாசி உண்மையைப் பிடித்திருந்தாள். மீதி என்னிடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அனெக்ஸில் தண்ணீர் வெகுநேரமாக ஓடுகிறது என்று செல்வராணி சொன்னாள். கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. செல்வராணி முன்கதவைத் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்தாள். குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. நான் தோளால் இடித்தேன். மூன்றாவது இடிக்குத் தாழ் பெயர்ந்தது.

நீராவிக்குள் அவள் சுவரோடு சரிந்து கிடந்தாள். துவைத்துக்கொண்டிருந்த துணி ஒன்று கையில் அப்படியே இருந்தது. முகம் வெளுக்கவில்லை, சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த முதல் எண்ணம் அவளைப் பற்றியதா? இல்லை. ‘பொலிஸ் வரும்’ என்று நினைத்தேன்.

இருவருமாக இழுத்து வந்து விறாந்தையில் கிடத்தினோம். மழைக்காற்று முகத்தில் பட, சற்று நேரத்தில் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், யாரென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் என்னிடம் கேட்டார், இவரிடம் கொஞ்ச நாளாக ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று. நான் சொன்னேன். மறதி, அழுகை, வேலையில் தவறு, தன்னையே நம்ப முடியவில்லை என்று சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஹீட்டரை மட்டும் சொல்லவில்லை. அவர் அனைத்தையும் எழுதிக்கொண்டார். சில நாள் கழித்து அவளை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நான் சொன்ன கதையைக் கேட்ட எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். பொருட்கள் அனெக்ஸிலேயே இருந்தன. அவள் திரும்பி வருவாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

அவள் வருவதற்குள் கம்பளி, போர்வைகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வைப்போம் என்று செல்வராணி ஒரு மழை நாளில் அந்தக் குளியலறைக்குள் போனாள். ஒரு மணி நேரம் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, முற்றத்தில் குந்தி வாந்தி எடுத்தாள்.

“தல வெடிக்குதுங்க... கண்ணெல்லாம் இருட்டுது.”

அவளைத் தூக்கிப் பிடித்தேன். அதற்குப் பிறகும் தெரியாது என்று நடிக்க எனக்கு வழி இல்லை. ‘மழைல நனைஞ்சிட்ட, அதான்’ என்று சொல்லிப் படுக்கவைத்தேன். அவள் தூங்கியதும் ரிஸ்வானுக்குப் போன் செய்தேன்.

அவர் முதலில் பலகையைப் பார்த்தார். ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே முழுக்கக் கரி. புகைக்குழாயைச் சுவரிலிருந்து இழுத்தார். காய்ந்த புல், நார், பஞ்சு என்று ஒரு பறவைக் கூடு குழாயை அடைத்துக்கொண்டு வந்தது. ஹீட்டர் அணைந்து கிடந்த காலத்தில் கட்டியிருக்கவேண்டும். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தியபடியே என்னைப் பார்த்தார்.

“சேர், இதுல குளிச்ச ஆள் மவுத்தாகாம ஈக்கிறதே பெரிய விஷயம். பொக வெளிய போக வழியே இல்ல. இது மணமில்லாத நஞ்சு. கொஞ்சம் கொஞ்சமா மூளையத்தான் புடிக்கும்.”

நான் அந்தக் கூட்டைக் காலால் சுவரோரம் தள்ளினேன்.

“யாருக்காவது சொகமில்லாம ஈந்திச்சா?”

“இல்ல. ஆள் யாரும் இருக்கல்ல. சும்மாதான் கெடந்திச்சு.”

அவர் கண் சுவரில் இருந்த சிறிய தட்டுக்குப் போனது. வாசுகியின் சீப்பு, ஷாம்பு போத்தல், தலைமயிர்க் கிளிப்புகள். அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆயுதப் பெட்டியை மூடினார்.

அந்த வாரமே மின்சார ஹீட்டர் ஒன்றை மாட்டினேன். பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டு எரித்தேன். கம்பி வலை அடித்தேன். காஸ் ஹீட்டரைப் பழைய இரும்பு வாங்க வந்த லொறிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். லொறி கண்ணை விட்டு மறையும் வரை கேற்றடியில் நின்றேன். இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது என்று நினைத்தேன். அன்று நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன்... ஆகவில்லை. பயம் இன்னும் கூடியது.

அடுத்த மாதம் அவளுடைய அண்ணன் ஒரு வானோடு வந்தார். வாசுகி வேலையை விட்டுவிட்டாளாம். ‘ஆருக்காவது பிழையான மருந்தைக் குடுத்துச் சாக்காட்டிப் போடுவன்’ என்று பயந்து தானே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அவர் பொருட்களை ஏற்றிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நீங்கள் கதவை உடைச்சிருக்காட்டில் என்ர தங்கச்சி இண்டைக்கு இல்லை. அப்பா இருந்தாலும் இவ்வளவு செய்திருக்க மாட்டார்.”

அந்தக் கைகளை உதறிவிட்டு ஓடவேண்டும் போலிருந்தது. ‘பத்திரமா போயிட்டு வாங்க’ என்றேன்.

நீங்கள் கேட்கலாம்: அவள் இப்போது அந்த வீட்டில் இல்லையே, தானாகவே தேறிவிடுவாளே என்று. நானும் அதைத்தான் நம்பினேன். தேறத்தான் தேறினாள். தலைவலி நின்றுவிட்டதாம், மறதி குறைந்துவிட்டதாம். ஆனால் அது மாத்திரையால் வந்த குணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதனால் மாத்திரையை நிறுத்தவில்லை. இல்லாத நோய்க்கு இருக்கிற மருந்து.

செல்வராணியின் தங்கை வத்தேகமவில் இருக்கிறாள். அங்கே போகும்போது சந்தைக்குப் போய் மரக்கறி வாங்குவது என் வழக்கம். ஒரு நாள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“சேர், அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?”

ரிஸ்வான். அவர் வீடு அந்தப் பக்கம்தான் என்பதை மறந்திருந்தேன். கையில் தன் வீட்டுச் சாமான் பை. குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

“எந்தப் புள்ள?”

“அனெக்ஸ்ல ஈந்த புள்ள. டாக்டருக்கிட்டச் சொல்லணும் சேர். அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுப்பாங்க.”

“சொல்லிட்டேன் ரிஸ்வான். அப்பவே சொல்லிட்டேன்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உண்மையிலேயே அவர் முகம் தெளிந்தது. நான் வெங்காயத்தை வைத்துவிட்டு வெறும் பையோடு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு வத்தேகமவுக்குப் போவதில்லை. மூட்டு வலி என்று செல்வராணியிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் வாசுகியின் அழைப்பு வந்தது. அவள் ஊருக்குப் போய் ஒரு வருடம் கழித்து. குரல் தாழ்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அங்கிள்... சுகமா இருக்கிறியளோ? இப்ப புது டொக்டர் ஒருத்தர் பாக்கிறார். அவர் கேட்டவர், நீர் இருந்த வீட்டில காஸ் ஹீட்டர் இருந்ததோ எண்டு. இருந்தது, ஆனால் அங்கிள் வருசா வருசம் ஆளைக் கூப்பிட்டுப் பாக்கிறவர் எண்டு சொன்னனான். சரிதானே அங்கிள்?”

யோசித்துப் பாருங்கள். ஒரு மருத்துவர் கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதற்கு விடை என் வாயில் இருக்கிறது. ‘இல்லை’ என்ற ஒரே சொல். அந்தச் சொல்லோடு மாத்திரைகள் நின்றிருக்கும், அவள் தன் மூளையை மறுபடி நம்பியிருப்பாள், மருந்தகத்துக்குத் திரும்பியிருப்பாள்.

“ஆமா மகள். சரிதான்.”

மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

“நானும் அப்பிடித்தான் சொன்னனான்” என்றாள். செல்வராணியைக் கேட்டாள், போனைக் கொடுத்தேன். அவர்கள் வெகுநேரம் பேசினார்கள்.

நான் எதற்குப் பயப்படுகிறேன்? முதலில் சட்டத்துக்குப் பயந்தேன். பிறகு அவள் அண்ணனுக்கு. பிறகு செல்வராணிக்கு; ‘நானும் அதுக்குள்ள போய் வந்தேனே, என்கிட்டயும் சொல்லல்லியா’ என்று அவள் கேட்கப்போகிற அந்தக் கேள்விக்கு. இப்போது அவையெல்லாம் பழகிவிட்டன. இப்போது பயப்படுவது எனக்கே. எத்தனை தடவை கேட்டாலும் இந்த வாய் அதையேதான் சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் இன்னொரு ஆளோடு இருப்பதுபோல் இருக்கிறது...

போன மாதம் செல்வராணி பிடிவாதம் பிடித்தாள்.

“அந்தப் புள்ளைய ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவோம். மகள் மாதிரி இருந்தா. நமக்கு வேற யாரு இருக்கா?”

எத்தனையோ சாக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நான் மனதுக்குள் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே போனேன். சாப்பிட்ட பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது, அல்லது அண்ணனிடம் சொல்வது, அல்லது ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வருவது. மாங்குளம் தாண்டும்போது தாளை எடுத்து எழுதியும்விட்டேன். நான்கே வரி.

அவள் வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றாள். உடல் பருத்திருந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி வந்தது. கையில் மெல்லிய நடுக்கம். அண்ணனின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். ‘சின்ன வகுப்புக் கணக்குத்தான் அங்கிள். பெரிசு எனக்கு இனிச் சரிவராது’ என்றாள். அதைச் சொல்லும்போது கவலைப்படுகிறவள்போலத் தெரியவில்லை. அந்தக் கவலைகூட அவளிடம் இல்லாமல் போயிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு செல்வராணியும் அண்ணனின் மனைவியும் கிணற்றடிக்குப் போனார்கள். அண்ணன் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனார். கூடத்தில் அவளும் நானும் மட்டும். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், தாள் இருந்தது.

“மகள்” என்றேன்.

“ஓம் அங்கிள்?”

அவள் அப்போது மேசையில் இருந்த உறையைப் பிரித்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாத்திரைகள். எத்தனை என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சந்தேகம் வந்ததுபோல் மறுபடி எண்ணினாள். பிறகு தலையை நிமிர்த்தி, நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள். அந்தக் கண்களில் என்மீது எந்தச் சந்தேகமும் இல்லை.

தண்ணீர்க் கோப்பை என் பக்கத்தில் இருந்தது. அவளுக்கு எட்டவில்லை.

நான் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.